தொண்ணூறு நாள் முகம்

ரேஷன் கடை வரிசையில் கோமளாவின் முகம் கத்தியது.

முகம் என்றால், முகத்தின் மேல் மாட்டியிருந்த கூடு. நெற்றியிலிருந்து கழுத்தடி வரை மெல்லிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். காதோரத்தில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு ஸ்பீக்கர். அது ஆம்புலன்ஸ் போல மூன்று முறை ஊளையிட்டது. பிறகு, செய்தி வாசிக்கும் பெண் குரலில் தெருமுனை வரை கேட்கும்படி சொன்னது.

"உங்கள் முகம் ஆறு மணி நேரமாக அசையவில்லை. தயவுசெய்து யாருடனாவது பேசுங்கள்."

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கோமளா ஸ்பீக்கரை உள்ளங்கையால் பொத்தினாள். விரல் இடுக்கு வழியாக அது மறுபடி ஊளையிட்டது.

"பேசித்தான் தொலையேன்மா. எப்படிக் கெஞ்சுது பாரு" என்றாள் பின்னால் நின்றவள். யாரோ சிரித்தார்கள்.

விற்பனையாளர் மரியதாஸ் தராசிலிருந்து தலையைத் தூக்கினார். கோமளாவை அவருக்குத் தெரியும். இரண்டு வருடமாக முகவாய் நெஞ்சோடு ஒட்டியபடி, தரையைப் பார்த்துக்கொண்டே வந்து சாமான் வாங்கிப் போனவள். போன வாரம்தான் ஆபரேஷன் செய்து, இந்தக் கூட்டோடு வந்திருக்கிறாள்.

"சரி அக்கா, என்கிட்டப் பேசுங்க. பாமாயில் வேணுமா?"

"வேணும்."

கூடு கத்தியது.

"பருப்பு?"

"வேணும்."

கத்தியது.

"இந்தாங்க அரிசி. இருநூறு கிராம் கம்மியாப் போட்டிருக்கேன்."

கோமளா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். புருவம் ஏறியது. வாய் திறந்தது. கூடு அடங்கிவிட்டது.

"பாத்தீங்களா?" என்றார் மரியதாஸ். "கோவம் வந்ததும் நின்னுடுச்சு. எடை சரியாத்தான் இருக்கு, போய்ட்டு வாங்க."

*

"வீட்ல யார் யார் இருக்கீங்க?" என்று கேட்டாள் ஜெசிந்தா சிஸ்டர்.

"நான் இருக்கேன்."

"வேற?"

கோமளா கணினியைப் பார்த்தாள். அரசு மருத்துவமனைத் தோல் நிலையத்தின் மூன்றாவது மாடி அறையில், மேஜை மேல் கணினியில் அவளுடைய கூட்டின் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நான்கு நாட்கள், பதினெட்டு அலாரம். கோடு கோடாக, செத்துப்போன இதயத்தின் வரைபடம் மாதிரி இருந்தது.

கோமளாவுக்குக் கல்லூரி விடுதி மெஸ்ஸில் சமையல் வேலை. அப்பளம் பொரிக்கும் சட்டி தீப்பிடித்த நாளில் அவளுக்கு நாற்பத்தொரு வயது. முகம், கழுத்து, வலது தோள். உயிர் பிழைத்த பிறகு தழும்பு வேலையை ஆரம்பித்தது. கழுத்துத் தோல் நாளுக்கு நாள் சுருங்கி, முகவாயைக் கீழே இழுத்துக்கொண்டது. பஸ் எந்த நம்பர் என்று பார்க்க, இடுப்பிலிருந்து பின்னால் சாய வேண்டியிருந்தது. வீட்டு மின்விசிறியை இரண்டு வருடமாக அவள் பார்த்ததில்லை. சத்தம் மட்டும் கேட்கும்.

"சொன்னது ஞாபகம் இருக்கா?" என்றாள் சிஸ்டர். "உங்க தொடையில இருந்து செல் எடுத்து வளர்த்த தோல் இது. பழகுதோல். தொண்ணூறு நாள் இளசா இருக்கும். அப்புறம் இறுகிடும். புதுச் செருப்பு நடந்து நடந்துதானே கால் வாகுக்கு வருது? அந்த மாதிரி. இந்தத் தொண்ணூறு நாள்ல நீங்க எப்படிச் சிரிக்கிறீங்க, மொறைக்கிறீங்க, அழறீங்கன்னு பாத்துத்தான் தோல் மடிப்பைப் பழகும். ஒண்ணுமே பண்ணலைன்னா மண்பானை மாதிரி வழவழன்னு நின்னுடும். அப்புறம் சிரிச்சாலும் வெளிய தெரியாது."

"கண்ணாடி முன்னால நின்னு சிரிச்சுப் பாத்தேன், சிஸ்டர்."

"அது செல்லாது. பொய்ச் சிரிப்புல வாய் மட்டும்தான் போகும். கண்ணோரம் சும்மா இருக்கும். தோலை ஏமாத்த முடியாது." சிஸ்டர் கணினியை அணைத்தாள். "பணம் உள்ளவங்க தனியார்ல பேச்சுத்துணைக்கு ஆள் வெச்சுக்கிறாங்க. நம்மகிட்ட மெஷின்தான் இருக்கு. தினம் அஞ்சு மணியில இருந்து ஆறு மணி வரைக்கும் கூட்டு வழியாவே பேசும். மனுசன் மாதிரியே பேசும். அதுக்கும் தீக்காயம் பட்ட மாதிரி ஒரு கதை எழுதிக் குடுத்திருக்கோம். உங்களையே மெஷினான்னு கேட்கும். கண்டுக்காதீங்க. பேர் கேக்காதீங்க, ஊர் கேக்காதீங்க. அதுக்கு ரெண்டும் கிடையாது."

*

"ஹலோ" என்றது குரல். ஆண் குரல். ஐம்பது வயது இருக்கலாம். தொண்டையில் உமி மாட்டிக்கொண்டது போல ஒரு கரகரப்பு.

"ஹலோ."

"நீதான் மெஷினா?"

சிஸ்டர் சொன்னது சரிதான். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று கோமளா நினைத்துக்கொண்டாள்.

"ஆமா, நான்தான் மெஷின். நீ மனுசனாக்கும்?"

"அப்படித்தான் நெனைச்சிட்டிருக்கேன்."

அதற்கு மேல் அவளுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. குரல்தான் பேசியது. வெயில், மின்வெட்டு, கூட்டுக்குள் மூக்கு அரிப்பது. கோமளா கட்டிலில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி ம் கொட்டினாள். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாளும்.

ஐந்தாவது நாள், குரல் தோசைக்கு அரைப்பதைப் பற்றி ஏதோ தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கூடு ஊளையிட்டது. உங்கள் முகம் அசையவில்லை என்று பாடம் ஒப்பித்தது. கோமளா தலையணையை எடுத்துக் காதோடு வைத்து அழுத்தினாள்.

"அங்க என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல."

குரல் சற்று நேரம் பேசவில்லை. கூட்டுக்கும் இதற்கும் ஏதாவது இணைப்பு இருக்கும், தன்னைச் சரி செய்துகொள்கிறது என்று கோமளா நினைத்தாள்.

"சரி" என்றது குரல். "எம் பொண்டாட்டி கதை ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லு."

"கட்டுப் பிரிச்ச அன்னிக்கு உள்ள வந்தா. என்னையப் பாத்தா. ‘ஐயோ’ன்னு ஒரே கத்தல். என்னாடின்னேன். ‘பல்லிங்க’ன்னா. என் தலைக்கு மேல, சுவத்துல பல்லியாம். நானும் உடம்போட திரும்பிப் பாத்துட்டு, ‘ஆமா, பெருசாத்தான் இருக்கு’ன்னேன். என்ன செய்ய? நம்ம மனசு நோகக் கூடாதுன்னு அவ சொல்றா. அவ மனசு நோகக் கூடாதுன்னு நான் சொல்றேன்."

கோமளாவின் உதடு ஓரத்தில் ஏதோ இழுத்தது.

"மறுநா காபி கொண்டாந்தா. ‘ஐயோ, பல்லி.’ மத்தியானம் சோறு வெச்சா. ‘பல்லி.’ ஒரே வாரத்துல எங்க வீட்டுல நாப்பது பல்லி. இவ கத்துறதைக் கேட்டுட்டு பக்கத்து வீட்டு வாத்தியார் மருந்து டப்பாவோட வந்துட்டாரு. ‘என்ன சார், உங்க வீட்ல பல்லித் தொல்லையாமே’ன்னு உள்ள வந்தவரு என்னையப் பாத்தாரு. அப்படியே நின்னாரு. ‘அடேயப்பா... ஆமா சார்’னாரு."

கோமளாவுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தினாள். கூட்டின் மேல் கை வழுக்கியது.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பல்லித் தொல்லை தாங்க முடியாம அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. போயி ஒன்றரை வருசம். அவ போனதுல இருந்து வீட்ல ஒரு பல்லி இல்ல."

இரண்டு வருடத்தில் முதல் முறையாகக் கோமளா வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் கட்டி, கூட்டுக்குள் வழிந்தது. கூடு மணியடித்தது போல ஒரு சின்னச் சத்தம் கொடுத்தது. நன்றாக வேலை செய்தால் அப்படிப் பாராட்டும்.

"உன் கதையை எழுதினவன் கெட்டிக்காரன்" என்றாள் மூச்சு வாங்க.



"ஆமா" என்றது குரல். "கெட்டிக்காரந்தான்."

*

அதன் பிறகு மணி ஐந்தடிக்கக் கோமளா காத்திருந்தாள். "இன்னிக்குப் பல்லி உண்டா?" என்றுதான் ஆரம்பிப்பாள். உண்டு. மனைவி ஜோசியரிடம் பல்லி விழுந்த பலன் கேட்ட கதை. மாமனார் பார்க்க வந்து, வாசலிலேயே செருப்பு தேடிக்கொண்டு அரை மணி நேரம் நின்றுவிட்டு, அப்படியே ஊர் திரும்பிய கதை. மனைவி விளக்கைப் போடாமலேயே சமைத்து, ரசத்தில் சீரகத்துக்குப் பதிலாகச் சோம்பு போட்ட கதை. ஒவ்வொன்றுக்கும் கோமளா சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க, இடது கன்னத்தில் ஒரு கோடு விழ ஆரம்பித்தது.

அவளும் சொன்னாள். மெஷினிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்? தீப்பிடித்த சட்டியில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று இருபது வருடமாகத் தெரிந்தும், அன்று பயத்தில் அவளேதான் ஊற்றினாள். விசாரணையில் யார் ஊற்றியது என்று தெரியாது என்றுவிட்டாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆறு மாதம் கழித்து வேலைக்குப் போனபோது, வார்டன் அவளை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தார். "பிள்ளைங்க சாப்பிடற இடம் பாரும்மா" என்றார். ‘அக்கா, இன்னொரு தோசை’ என்று தட்டை நீட்டிய பிள்ளைகள்தான். கதவுக்கு அந்தப் பக்கம் தட்டுச் சத்தம் கேட்கும். நான்கு நாளில் நின்றுவிட்டாள்.

"உன் கதையை எழுதினவனுக்கு ஈரமே இல்ல" என்றது குரல்.

"என் கதையை எவனும் எழுதல."

"நீ அப்படித்தான் சொல்லுவேன்னு சொன்னாங்க."

அதற்கும் இருவரும் சிரித்தார்கள்.

*

நாற்பதாவது நாள் கழுத்துப் பட்டையைக் கழற்றினார்கள். சிஸ்டர் சொன்னாள்: "இனிமே கழுத்துப் பயிற்சி. முகவாயைத் தூக்கி, கூரையப் பாக்கணும். இருபது எண்ணிட்டு இறக்கணும். வாய்விட்டு எண்ணுங்க. மெஷினும் கூட எண்ணும்."

அன்று ஐந்து மணிக்குக் கோமளா தலையைத் தூக்கினாள். கழுத்து நெருப்பாக எரிந்தது. மின்விசிறி தெரிந்தது. மூன்று இறக்கையிலும் இரண்டு வருடத்துத் தூசு.

"எண்ணு" என்றாள்.

"லாபம்" என்றது குரல், வலியோடு. "ரெண்டு. மூணு. நாலு."

கோமளா தலையை இறக்கிவிட்டாள். "என்ன சொன்னே?"

"என்ன சொன்னேன்?"

"ஒண்ணுக்கு லாபம்னு சொன்னே."

குரல் திடுக்கிட்டது. அடுப்பில் பால் வைத்துவிட்டு மறந்தவர் எழுவது போல.

"தப்பா வந்துடுச்சு" என்றது. "ஒண்ணு. ரெண்டு. மூணு."

மறுநாளும் ஒழுங்காக ஒன்று என்றே ஆரம்பித்தது. அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள், வலி அதிகமாக இருந்த ஒரு தூக்கலில், மறுபடி "லாபம்" என்றது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

மெஷினைத் திருத்தினால் திருந்திவிடும். திருந்திய பிறகு பழைய வழக்கத்துக்குச் சறுக்காது.

*

"லாபமா?" என்றார் மரியதாஸ். கடையில் கூட்டமில்லை. "அது நெல் அளக்கறவங்க வழக்கம்க்கா. மரக்கால்ல அளக்கறப்ப ஒண்ணுன்னு ஆரம்பிக்க மாட்டாங்க. லாபம், ரெண்டு, மூணுதான். எங்க மாமா அப்படித்தான். மாத்திரை எண்ணினாலும் லாபம், மாடிப்படி ஏறினாலும் லாபம். வாயில ஊறிட்டா போகாது."

"மெஷினுக்கு யாராவது அதைச் சொல்லிக் குடுத்திருப்பாங்களா?"

மரியதாஸ் அவளைப் பார்த்தார். "மெஷினுக்கு எதுக்குக்கா நெல்லு?"

*

ஜெசிந்தா சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்தக் குரல் மனிதருடையது என்பதை மறுக்கவில்லை.

"யார் அவர்?"

"பேர் சொல்லக் கூடாது. ரைஸ் மில்லுல இருந்தவர். நெல் அவிக்கிற பாய்லர் வெடிச்சுது. உங்களுக்குத் தோல் வெச்ச அதே வாரம்தான் அவருக்கும் வெச்சோம்."

"மெஷின்னு சொன்னீங்களே."

"மொதல்ல நிஜ மெஷின்தான் குடுத்தோம். ஒரு வாரத்துல எல்லாருக்கும் அலுத்துடுச்சு. அது எப்பவும் நல்லதே பேசும். எதிர்பாராதது ஒண்ணு வந்தாத்தான் முகம் அசையும்." சிஸ்டர் பேனா மூடியைத் திருகினாள். "அப்புறம் ரெண்டு நோயாளியை, உண்மையைச் சொல்லியே பேச விட்டோம். அது இன்னும் மோசம். ஒருத்தர் முன்னால ஒருத்தர் தைரியமா நடிச்சாங்க. ‘நல்லா இருக்கேங்க, நீங்க எப்படி இருக்கீங்க?’ தொண்ணூறு நாளும் இதே பேச்சு. ரெண்டு பேருக்கும் இழவு வீட்டுல விசாரிக்க வந்தவங்க முகம் அமைஞ்சுது. அதோடயே வாழறாங்க. அதனாலதான் ரெண்டு பக்கமும் பொய் சொன்னோம்."

"அவரு என்னை மெஷின்னு நினைக்கிறாரு."

"ஆமா."

"அப்ப அந்தக் கதையெல்லாம்..." கோமளா நாற்காலி நுனிக்கு வந்தாள். "அந்தப் பல்லி..."

"நான் கேட்டதில்ல. பேச்சைப் பதிவு பண்றதில்ல, முகத்தை மட்டும்தான். ஆனா நல்லாச் சிரிச்சிருக்கீங்க. இடது கன்னம் அருமையா வந்திருக்கு. பாருங்க."

சிஸ்டர் கண்ணாடியை நீட்டினாள். கோமளா வாங்கவில்லை.

"அது அவரோட பொண்டாட்டி, சிஸ்டர். அவர் வீடு. நான் தினமும் கேட்டு வாங்கிச் சிரிச்சிருக்கேன். இன்னிக்குப் பல்லி உண்டான்னு கேட்டிருக்கேன்."

சிஸ்டர் கண்ணாடியை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"அவருகிட்டச் சொல்லிடறேன். மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"சொல்லுங்க. இன்னும் நாப்பத்தஞ்சு நாள் இருக்கு. அவர் யார் முகத்தையும் பாக்காம, கதவைப் பூட்டிக்கிட்டு இருந்த மனுசன். மெஷின்னு நம்பித்தான் வாயைத் திறந்தார். அந்தப் பக்கம் ஒரு பொம்பளை கேட்டுச் சிரிச்சிருக்கான்னு தெரிஞ்சா, அடுத்த நிமிஷம் மூடிப்பார். முகம் அங்கயே நின்னுடும். இப்ப ரொம்ப நல்லா வருது அவருக்கு." சிஸ்டர் குரலைத் தாழ்த்தினாள். "உங்க மனசு ஆறணும்னா, அவர் முகத்தைக் குடுக்கணும். உங்க இஷ்டம்."

*

அன்று ஐந்து மணிக்கு, "இன்னிக்குப் பல்லி வேணாமா?" என்று அவரே கேட்டார்.

இப்போது அவர் என்றுதான் நினைக்க முடிந்தது.

"வேணாம்."

"ஏன், பழுதாயிட்டியா?"

"வேற ஏதாவது சொல்லுங்க."

"என்னது, திடீர்னு ‘ங்க’ போடுற? யாராவது திருகாணியை முறுக்கினாங்களா?"

பழைய கோமளா இதற்குச் சிரித்திருப்பாள். சிரிப்பு வரும் ஒவ்வொரு முறையும், இருட்டில் சமைத்த ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். ரசத்தில் சோம்பு வாசனையோடு அதைச் சாப்பிட்ட ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டிருப்பார். ஆமா, பெருசாத்தான் இருக்கு என்று சொன்னவராயிற்றே.

நான்கு நாள் அப்படிப் போயிற்று. ஐந்தாம் நாள், அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கூடு ஊளையிட்டது. கோமளா தலையணைக்குப் பாய்ந்தாள். அவர் பேச்சை நிறுத்தினார். அலாரம் ஓய்ந்ததும், எதுவும் நடக்காதது போல, மில்லில் ஒரு தடவை குரங்கு புகுந்த கதையை ஆரம்பித்தார். நீளமான கதை. குரங்கு கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, முதலாளியை உள்ளே விடவில்லை. சத்தம் போட்டு, முதலாளி மாதிரியும் குரங்கு மாதிரியும் அவரே பேசிக் காட்டினார். கோமளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் ஒரு தனி வீட்டில், பூட்டிய கதவுக்குப் பின்னால், ஒரு மனிதர் குரங்கு மாதிரி கத்துவதை அவள் கவனித்துக் கேட்டாள். புருவம் தானாக நெருங்கியது.

அன்றிலிருந்து கேட்க ஆரம்பித்தாள். காலையில் என்ன சாப்பிட்டார்? காபியா, டீயா? கழுத்து எந்தப் பக்கம் திரும்பும்போது வலிக்கிறது? யார் சாமான் வாங்கித் தருகிறார்கள்? மெஷினுக்கு இதெல்லாம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னார். சாமான் வாசலில் பையில் வரும். காபி. வலப்பக்கம். காலையில் பழைய சோறும் ஊறுகாயும். ஊறுகாய் தீர்ந்து எட்டு நாளாயிற்று, கேட்க யாரும் இல்லை. மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கோமளாவின் அலமாரியில் இருந்தது. எந்த ஊருக்கு அனுப்புவது?

கழுத்துப் பயிற்சியில் அவர் "லாபம்" என்று தவறும்போது, அவள் கேட்காதது போல, "ரெண்டு" என்று தொடர்ந்தாள்.

*

தொண்ணூறாம் நாள் பிற்பகல் சிஸ்டர் கூட்டைக் கழற்றினாள். காற்று நேராக முகத்தில் பட்டது. இந்த முறை கோமளா கண்ணாடியை வாங்கிக்கொண்டாள்.

புதுத் தோல், சற்று வெளுத்த நிறம். இடது கன்னத்தில் அரை வட்டமாக ஒரு சிரிப்புக் கோடு. கண்ணோரத்தில் மூன்று சின்னக் கோடுகள். நெற்றியின் நடுவில், புருவங்களுக்கு இடையே, ஆழமாக இரண்டு.

"இந்த ரெண்டும் எப்ப விழுந்துது?" என்று சிஸ்டர் விரலால் தடவினாள். "மத்தவங்களுக்கு இது வந்ததே இல்ல. சிரிப்பை அப்படியே விட்டிருந்தா இன்னும் அழகா வந்திருக்கும்."

"பரவால்ல, சிஸ்டர். இது அவரு சொன்னதைக் கேட்டதுக்கு வந்தது."

சிஸ்டர் கூட்டிலிருந்து ஸ்பீக்கரை மட்டும் பிரித்து அவள் கையில் வைத்தாள். "இன்னிக்கு அவருக்கும் கடைசி நாள். கூட்டை நாளைக்கு வீட்டுக்குப் போய்க் கழட்டறோம். ஆறு மணிக்கு லைன் நின்னுடும். ரெண்டு பக்கமும்."

*

கோமளா கட்டிலில் படுத்தாள். தலையணையை எடுத்துவிட்டு, மல்லாந்து, மின்விசிறியைப் பார்த்தாள். அதை முந்தாநாள்தான் ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்திருந்தாள். ஸ்பீக்கரைக் காதருகே வைத்துக்கொண்டாள்.

மழை, ரேஷன் சர்க்கரை, கூடு இல்லாமல் சோப்புப் போட்டு முகம் கழுவுவது எப்படி என்று பேச்சு போயிற்று. கடிகாரம் ஐந்து ஐம்பத்தாறு காட்டியது.

"நாளையில இருந்து உனக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

"வேற யார்கூடவாவது பேசச் சொல்லுவாங்க."

"ம். நல்லாப் பேசு. அவங்க சொல்றதையும் கேளு. நல்லாக் கேக்குற நீ."

ஐந்து ஐம்பத்தெட்டு. சிஸ்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. அவருக்கு இன்னும் ஓர் இரவு கூடு இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு நிமிடம் போனால், ஒரு பெயர்கூட இல்லாத அந்த மனிதரிடம் எதையும் சொல்ல முடியாது. மெஷினாகவே சொல்லிவிட வேண்டியதுதான்.

"ஒண்ணு சொல்லணுங்க."

"சொல்லு."

"அந்தப் பல்லி கதைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது. என்னைச் செஞ்சவங்க அப்படிச் செஞ்சுட்டாங்க. எனக்குத் தெரியல. மன்னிச்சுக்குங்க."

எங்கோ ஒரு வீட்டில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஒரு மூச்சு. பிறகு அந்தக் கரகரப்பான குரல், மிகவும் நிதானமாக, சிரித்துக்கொண்டே பேசுவது போலக் கேட்டது.

"நீ சிரிக்கணும்னுதானேம்மா அந்தக் கதையையே எடுத்தேன். மொத வாரம் உன் முகம் அசையலைன்னு கூடு ஊளையிட்டுச்சே... மெஷினுக்கு ஏதும்மா முகம்?"